1872-ல் எழுதிய ஒரு வாக்கியம்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்: "டெக்னிக்கலா எதுவும் வேண்டாம் சார், எல்லாரும் படிக்கணும்." சரி என்றேன். படித்து முடித்தவர்களுக்கும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டென்றால் அது வேலைதான். வேலை வாங்குவது எப்படி என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது வேலையை விட்டுப் போவதைப் பற்றி. விட்டுப் போகலாம் என்ற உரிமை நம் கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் தொழிலுக்கு என்ன செய்தது, அந்தக் கதவை யார் ரகசியமாகச் சாத்தினார்கள், யார் மாட்டேன் என்றார்கள் என்ற சரித்திரம் இது.

சரித்திரத்துக்கு முன் ஒரு நடப்பு. வருஷத்தில் நாலைந்து ஜூனியர்களாவது எனக்குப் போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். "அண்ணா, ரெண்டு வருஷ பாண்டு கேக்கறாங்க, சைன் பண்ணலாமா?" "அண்ணா, நோட்டீஸ் பீரியட் தொண்ணூறு நாளாம். புது கம்பெனி முப்பது நாள்ல வரச் சொல்றாங்க." போன வருஷம் ஒரு தம்பி சொன்னது இன்னும் மனசில் நிற்கிறது. அவன் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "ஒரு நம்பிக்கைக்காகத்தான் தம்பி" என்றார்களாம்.

பொருளை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை நம்புவது அடகுக்கடை நம்பிக்கை. இன்ஜினியரும் அவரை வேலைக்கு வைத்தவரும் ஒருவரை ஒருவர் நம்புவது அப்படித்தானா? கதவைப் பூட்டினால்தான் நம்பிக்கையா, திறந்து வைத்தாலும் ஆள் இருந்தால் நம்பிக்கையா? நம் தொழில் வளர்ந்த ஊரிலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகவும் பரீட்சை நடந்திருக்கிறது.

1956. கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊர். சுற்றிலும் பழத்தோட்டங்கள். டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான வில்லியம் ஷாக்லி அங்கே ஒரு லேபாரட்டரி தொடங்கினார். அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அவர் ஆள் எடுத்த விதம் இன்றைய ரிக்ரூட்டர்களுக்கே பாடம். நாட்டில் யார் யார் கெட்டிக்காரர்கள் என்று விசாரித்து, அவர்களுக்கு நேராகப் போன் போடுவார். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் அப்படிப் போன் வந்து போனவர்கள்தான். மனோதத்துவப் பரீட்சை வேறு வைத்தார்.

ஆள் எடுக்கத் தெரிந்தவருக்கு ஆளை நம்பத் தெரியவில்லை. ஒரு நாள் ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கையை, கதவில் நீட்டிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கிழித்துவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்த சதி என்று ஷாக்லி முடிவு கட்டினார். பொய் கண்டுபிடிக்கும் மிஷினில் ஆட்களை உட்காரவைத்து விசாரிக்கக் கிளம்பினார். கடைசியில் அவரிடம் வேலை பார்த்த ஷெல்டன் ராபர்ட்ஸ் அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நோட்டீஸ் குத்தும் பின், தலை உடைந்திருந்தது. அவ்வளவுதான் சதி!

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் சேர்ந்து வெளியேறினார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முதலில் அவர்கள் சொந்தக் கம்பெனி ஆரம்பிக்க நினைக்கவே இல்லை. அவர்களில் ஒருவரான யூஜின் கிளைனர், தன் அப்பாவின் பங்குத் தரகர் இருந்த நியூயார்க் நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் கேட்டது வேலைதான்: எங்கள் கோஷ்டியை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் கம்பெனி ஏதாவது இருக்கிறதா? கடிதம் ஆர்தர் ராக் என்ற இளைஞரிடம் போனது. வேலை எதற்கு, நீங்களே கம்பெனி தொடங்கலாமே என்பது அவர் கொடுத்த யோசனை. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்த பிறகு, ஃபேர்சைல்ட் கேமரா கம்பெனி சுமார் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர் போட முன்வந்தது. பிறந்தது ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர். எட்டுப் பேருக்கும் கிடைத்த பட்டம், 'துரோகிகள்'.

அந்தத் துரோகிகளில் இருவர், நாய்ஸும் மூரும், 1968-ல் ஃபேர்சைல்டையும் விட்டுப் போய் இன்டெல்லைத் தொடங்கினார்கள். கிளைனர் 1972-ல் புதுக் கம்பெனிகளுக்கு முதல் போடும் நிறுவனம் ஒன்றைக் கூட்டாகத் தொடங்கினார். ஃபேர்சைல்டிலிருந்து கிளைத்த கம்பெனிகளின் வம்சாவளியைப் படமாக வரைந்தால் விழுது விட்ட ஆலமரம் மாதிரி இருக்கும். சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று நாம் சொல்வது பெரும்பாலும் அந்த மரத்தின் நிழல்தான்.

ஒரு சந்தேகம் வரலாம். 'போட்டிக் கம்பெனியில் இத்தனை வருஷம் சேரமாட்டேன்' என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கி அவர்களைத் தடுத்திருக்கலாமே? கலிபோர்னியாவில் முடியாது. அதற்குக் காரணம், தலைப்பில் சொன்ன வாக்கியம்.

டேவிட் டட்லி ஃபீல்டு என்று நியூயார்க்கில் ஒரு வக்கீல் இருந்தார். கோர்ட்டுத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்த சட்டத்தை எல்லாம் தொகுத்து, சாமானியர் படிக்கிற மாதிரி ஒரே புத்தகமாக ஆக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1860-களில் சிவில் சட்ட நகல் ஒன்றைத் தயாரித்தார். அவருடைய சொந்த மாநிலமான நியூயார்க் அதை ஏற்கவில்லை. 1872-ல் கலிபோர்னியா ஏற்றுக்கொண்டது. அதில் ஒரு வாக்கியத்தின் சாரம் இது: சட்டபூர்வமான எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் ஒருவர் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், அந்த அளவுக்குச் செல்லாது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் சட்டக் கல்லூரி நண்பர்களைக் கேளுங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-வது பிரிவு. அந்தச் சட்டத்தின் ஆண்டும் 1872! இங்கே சட்டம் எழுதியவர்களும் அதே ஃபீல்டின் நகலிலிருந்துதான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். இங்கிலாந்தில் கூட, தடை நியாயமாக இருந்தால் செல்லும் என்பதுதான் வழக்கம். கலிபோர்னியாவும் இந்தியாவும் அப்படி இடம் கொடுக்கவில்லை. செல்லாது என்றால் செல்லாது. வியாபாரத்தைக் கூண்டோடு விற்பவர் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

இந்தியாவில் இந்தப் பிரிவைச் சோதித்த ஆரம்ப வழக்கு 1874-ல் கல்கத்தாவில் வந்தது. ஒரே வட்டாரத்தில் இரண்டு பாத்திர வியாபாரிகள். ஒருவர் மற்றவரிடம், நீ கடையை மூடிவிடு, உன் வேலையாட்களுக்கு நீ கொடுத்திருக்கும் முன்பணத்தை நான் கொடுத்துவிடுகிறேன் என்றார். அவரும் மூடினார். பணம் வரவில்லை. கேஸ் போட்டார். ஒப்பந்தமே செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஏமாந்தவருக்கு அநியாயம்தான். ஆனாலும், வாங்குகிறவர் விற்கிறவர் இருவரும் சம்மதித்தாலும் பிழைப்பு விலைபோகாது என்பதில் சட்டம் உறுதியாக நின்றது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நிலைமை வேறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டனைச் சுற்றி 'ரூட் 128' என்று ஒரு நெடுஞ்சாலை. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் தொழிலின் தலைநகரம். எம்.ஐ.டி. பக்கத்திலேயே இருந்தது, பணம், மூளை, ராணுவ ஆர்டர் எதற்கும் குறைவில்லை. 1980-களின் பிற்பகுதியில் அது சறுக்க, கலிபோர்னியா எழுந்தது. ஏன் என்று அனலீ சாக்ஸேனியன் என்ற பேராசிரியை 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். கலிபோர்னியாவில் ஆட்கள் கம்பெனி மாறி மாறிப் போனார்கள், அவர்களோடு அறிவும் பரவியது. கிழக்கில் ஒவ்வொரு கம்பெனியும் கோட்டை மாதிரி தனித்தனியாக நின்றது என்பது அவர் வாதம். 1999-ல் ரொனால்டு கில்சன் என்ற சட்டப் பேராசிரியர் அதற்கு ஒரு வரி சேர்த்தார்: கலாச்சாரம் மட்டுமல்ல, அந்த 1872 வாக்கியமும் காரணம். மாசசூசெட்ஸில் போட்டித் தடை ஷரத்துகள் கோர்ட்டில் செல்லுபடியாகிக்கொண்டிருந்தன. 2018-ல்தான் அந்த மாநிலம் சட்டம் போட்டு, பொதுவாக 12 மாதத்துக்கு மேல் தடை கூடாது என்று குறைத்தது.

ஆக, கதவைத் திறந்து வைத்த ஊர் ஜெயித்தது என்று சுபம் போட்டுவிடலாம் என்றுதான் நினைப்போம். ஆனால் சட்டம் தடுத்தது, இன்ஜினியரிடம் வாங்கும் கையெழுத்தை. முதலாளிகள் தங்களுக்குள் போனில் பேசிக்கொண்டால்?

இங்கே 'கோல்டு கால்' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலை தேடாமல், தன் பாட்டுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பவருக்கு முன்பின் தெரியாத ரிக்ரூட்டர் போடும் போன் அது. தொந்தரவாகத்தான் இருக்கும். பத்தில் ஒன்பதை நானே எடுப்பதில்லை. ஆனால் தன் வேலைக்கு வெளியே என்ன விலை என்று ஒரு இன்ஜினியருக்குத் தெரிய வருவது பெரும்பாலும் அந்தப் போனில்தான். அவர் போகாவிட்டாலும், "வெளில இவ்வளவு குடுக்கறாங்களாம்" என்று கேன்டீனில் பேச்சு பரவும். மேனேஜர் காதுக்குப் போகும். அடுத்த அப்ரைசலில் அந்தப் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கும். ஒருவருக்கு வந்த போனால் பத்துப் பேர் சம்பளம் நகரும்.

2005 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுளின் செர்கே பிரின்னுக்குப் போன் செய்தார். ஆப்பிளின் பிரவுசர் குழுவிலிருந்து கூகுள் ஆள் எடுக்கப் பார்க்கிறது என்று அவருக்கு ஏகக் கோபம். ஒருவரை எடுத்தாலும் யுத்தம்தான் என்கிற ரீதியில் பேசினார் என்று பிரின் தன் சகாக்களுக்கு எழுதினார். மார்ச் மாதம் கூகுளில் ஒரு பட்டியல் வந்தது: இந்தக் கம்பெனிக்காரர்களை ரிக்ரூட்டர்கள் கூப்பிடக்கூடாது. அதே ஆண்டு ஆப்பிளுக்கும் அடோபிக்கும் இதே மாதிரி ஏற்பாடு. பிறகு இன்டெல், இன்டூயிட், பிக்சார். பிக்சாருக்கும் லூகாஸ்ஃபிலிமுக்கும் இடையே இது 1980-களின் நடுவிலிருந்தே இருந்த பழக்கம்.

பட்டியல் ரிக்ரூட்டர்கள் கையில் இருந்தது. பட்டியலில் இருந்த கம்பெனிகளின் இன்ஜினியர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மேலே இருந்தவர்களுக்கு விஷயத்தின் கனம் தெரியாமல் இல்லை. கூகுளின் எரிக் ஷ்மிட் 2005-ல், இதை வாய்மொழியாகச் சொல்வதே நல்லது, பின்னால் கேஸ் போட வசதியாகக் காகிதம் விட்டுவைக்க வேண்டாம் என்ற பொருளில் எழுதினார். இன்டெல்லின் பால் ஒட்டலினி 2007-ல், தனக்கும் எரிக்குக்கும் இடையே கைகுலுக்கலில் முடிந்த ஏற்பாடு இது, வெளியே பரவலாகத் தெரியவேண்டாம் என்று எழுதினார். காகிதம் வேண்டாம் என்று எழுதிய காகிதங்களே கடைசியில் கோர்ட்டுக்கு வந்தன என்பது வேறு கதை.

2007 மார்ச்சில் கூகுள் ரிக்ரூட்டர் ஒருவர் ஆப்பிள் இன்ஜினியர் ஒருவரைத் தொடர்பு கொண்டுவிட்டார். ஜாப்ஸ் ஷ்மிட்டுக்கு ஒரு இ-மெயில் தட்டினார். விசாரித்த கூகுள் ஆளெடுப்புப் பிரிவுத் தலைவர் கொடுத்த பதில்: அந்த ரிக்ரூட்டர் ஒரு மணி நேரத்துக்குள் வேலையிலிருந்து நீக்கப்படுவார். அந்தச் செய்தியை ஜாப்ஸ் தன் பெர்சனல் பிரிவுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். மேலே ஒரு சிரிப்புக் குறி மட்டும்.

இந்தச் சரித்திரம் முழுவதிலும் என்னை அதிகம் உறுத்துவது அந்தச் சிரிப்புக் குறிதான். வேலைக்கு ஆள் தேடுவதே வேலையான ஒருவருக்கு, அந்த வேலையைச் செய்ததற்காக வேலை போனது.

'எல்லாரும் செய்யறாங்க, நாம என்ன பண்றது' என்று சொல்லலாமா? மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள். அதே 2007-ல் ஜாப்ஸ் இதே யோசனையோடு பாம் கம்பெனியின் தலைவர் எட் காலிகனைக் கூப்பிட்டார். இது தவறு மட்டுமல்ல, சட்டவிரோதமாகவும் இருக்கக்கூடும் என்று காலிகன் எழுத்திலேயே பதில் அனுப்பினார். எங்களிடம் எத்தனை பேட்டன்ட் இருக்கிறது தெரியுமா என்கிற மாதிரி மிரட்டல் வந்தும் அவர் அசையவில்லை. 2008-ல் கூகுள் ஆட்கள் ஃபேஸ்புக்கின் ஷெரில் சாண்ட்பர்க்கைக் கேட்டார்கள். அவரும் மறுத்தார். ஃபேஸ்புக் தொடர்ந்து கூகுளிலிருந்து ஆள் இழுத்தது. 2010 நவம்பரில் கூகுள் தன் ஊழியர்கள் அனைவருக்கும் 10 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தது. ஒரு கதவு திறந்திருந்தாலே காற்று வருகிறது பாருங்கள்!

அதற்கு இரண்டு மாதம் முன்பு, 2010 செப்டம்பரில், அமெரிக்க நீதித்துறை ஆறு கம்பெனிகளின் மீது புகார் தாக்கல் செய்து அன்றே சமரசமும் செய்துகொண்டது. டிசம்பரில் லூகாஸ்ஃபிலிம். இனிமேல் செய்யமாட்டோம் என்ற உறுதிமொழிதான், அபராதம் கிடையாது. நஷ்டப்பட்டவர்கள் 2011-ல் தாங்களே வழக்குத் தொடுத்தார்கள். 2005 முதல் 2009 வரை இந்தக் கம்பெனிகளில் வேலை பார்த்த சுமார் 64,000 பேர் சார்பில் அது நடந்தது. இன்டூயிட்டும் இரண்டு சினிமாக் கம்பெனிகளும் 2 கோடி டாலருக்கு முதலில் ஒதுங்கிக்கொண்டன. மற்ற நான்கும் 2014-ல் 32 கோடியே 45 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. வக்கீல்களுக்கும் சம்மதம். ஆனால் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவரான அடோபியின் முன்னாள் இன்ஜினியர், இது போதாது என்று நீதிபதிக்கே கடிதம் எழுதினார். நீதிபதி லூசி கோ சமரசத்தை நிராகரித்தார். தொகை 41 கோடியே 50 லட்சமாக ஏறி, 2015 செப்டம்பரில் முடிந்தது.

தலைக்கு வகுத்தால், வக்கீல் செலவைக் கழிப்பதற்கு முன்பே சுமார் 6,500 டாலர். அங்கே ஒரு இன்ஜினியரின் ஒரு மாதச் சம்பளத்தைச் சுற்றித்தான் வரும். ஆனால் தனி மனிதர் ஒருவர் எழுதிய கடிதத்தால் தொகை 9 கோடி டாலர் ஏறியது என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 2016-ல் அமெரிக்க அரசு, இனி இப்படிப்பட்ட அப்பட்டமான ஒப்பந்தங்களைக் கிரிமினல் குற்றமாகவே எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். 27-வது பிரிவு நம் கையிலும் இருக்கிறதே, அப்புறம் பாண்டு எப்படி? ஜூனியர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான் (முடிவான யோசனைக்கு வக்கீலிடம்தான் போக வேண்டும்). வேலையை விட்ட பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற ஷரத்தை நம் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்பதில்லை. வேலையில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு வேறு விஷயம். 1967-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கோலிகாரி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டயர் கார்டு பிரிவில் ஷிப்ட் சூப்பர்வைசர். 5 வருஷ ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், நடுவிலேயே கோட்டாவில் இருந்த போட்டிக் கம்பெனிக்குப் போனார். மிச்சக் காலம் முடியும் வரை அங்கே அந்த வேலை செய்யக்கூடாது என்று தடை வந்தது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 வருஷத்துக்குள் விலகினால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்ற பாண்டு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிதாக ஆள் எடுக்கப் பொதுத்துறை வங்கிக்கு ஆகும் செலவையும் சிரமத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்காகப் பாண்டில் போட்ட தொகையை எல்லாம் அப்படியே வசூலிக்கலாம் என்று அர்த்தமில்லை. நியாயமான நஷ்டஈடுதான் என்கிறது அதே சட்டத்தின் 74-வது பிரிவு.

ஆகவே, தம்பி தங்கைகளே, பாண்டைப் படித்துப் பார்த்து, தொகையைக் கணக்குப் போட்டு, கண்ணைத் திறந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். போட்டால் மதியுங்கள். நாலு ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, சேரும் நாள் காலையில் போனை ஆஃப் செய்வதும் நம்பிக்கைத் துரோகம்தான். ஆனால் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கச் சொல்லுங்கள், நகல் கொடுங்கள். அந்தத் தம்பி வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், எழுத்தில் கேட்டு, மூன்று வாரம் அலைந்து வாங்கிவிட்டான். அவன் அப்போது வேலையை விடவும் இல்லை. பேப்பர் கையில் வந்த பிறகு நிம்மதியாக வேலை பார்த்தான் என்பதுதான் வேடிக்கை.

கடைசியாக, என் வயசுக்காரர்களுக்கும் சீனியர்களுக்கும். நம்மில் பலர் இன்று மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். ஆள் எடுக்கிறோம், ஆள் போகும்போது கையெழுத்துப் போடுகிறோம். 'அவன் ஆள நாங்க எடுக்கல, எங்க ஆள அவன் எடுக்க வேண்டாம்' என்ற பேச்சு கல்யாண வீட்டிலும் வரும், நம் சங்கக் கூட்டத்திலும் வரும். நண்பர்களுக்குள் உதவி மாதிரித்தான் தோன்றும். அந்த உதவிக்கான பில் அங்கே இல்லாத யாரோ ஒரு இன்ஜினியருக்குப் போகிறது. காலிகனைப் போல, முடியாது என்று சொல்லும் வாய்ப்பு நமக்கும் ஒரு நாள் வரும். அது வரும்வரை சின்ன விஷயங்களைச் சரியாகச் செய்யலாம். பாண்டு இருந்தால் இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுவது. எடுக்க முடியாதவருக்கு 'இல்லை' என்று ஒரு வரி பதில் போடுவது. போகிறவருக்கு ரிலீவிங் லெட்டரைக் கடைசி நாளிலேயே கையில் கொடுப்பது.

நம் ஊரில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வரேன்" என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பத் தோன்றுகிற இடத்துக்குப் பாண்டு அதிகம் தேவைப்படாது. இந்தக் கல்லூரி நம் ஒருவரையும் பூட்டி வைக்கவில்லை. நாம் எல்லோரும் இதை விட்டுப் போனவர்கள்தான். சந்திப்பு என்றதும் லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, குடும்பத்தோடு வந்து நிற்கிறோமே!